காலடி எண்ணில் கை வைத்தவள்

அன்று அவள் நோட்டில் இருந்த இருபத்தாறு வேதியியல் சமன்பாடுகளும் சமன் ஆகியிருந்தன. இடது பக்கம் எத்தனை அணுவோ வலது பக்கமும் அத்தனை. ஒன்றுகூடக் குறைவில்லை, கூடுதலும் இல்லை. ஆனால் அவற்றில் பதினொன்று தப்பு.

வேதியியலில் மட்டும் மதிப்பெண் சரிகிறது என்று அவளுடைய அப்பாதான் என்னிடம் கூட்டி வந்திருந்தார். "கணக்குல நல்லாத்தான் வாங்குறா சயாமா. இதுல மட்டும் ஏன்னு தெரியல" என்றார். (சயாமா என்றால் பர்மியத்தில் டீச்சரம்மா.) நோட்டைப் புரட்டிய எனக்கும் உடனே தெரிந்துவிடவில்லை. தெரிய மூன்று வாரம் ஆனது. அதில் இரண்டு வாரம் முழுக்க என் தவறால் போனது.

ரங்கூனில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். வருகிற பிள்ளைகளில் பாதிக்கு மேல் தமிழ் வீட்டுப் பிள்ளைகள். இந்த ஊரில் அவர்களுக்கு வேதியியல் மூன்று மொழியில் வந்து சேர்கிறது. புத்தகத்தில் ஆங்கிலம், வகுப்பில் விளக்கம் பர்மியம், புரியாததை என்னிடம் கேட்பது தமிழ். வேதியியலுக்குப் பர்மியச் சொல் 'தாத்து பெய்தா'. பாலி மொழி வழியாக வந்த 'தாது'வும் 'வேத'மும்தான் அது. இதைச் சொன்னால் பிள்ளைகள் கொஞ்சம் சிரிப்பார்கள். ஆனால் இந்த மூன்று மொழி விவகாரம் அவள் நோட்டில் செய்திருந்த வேலை சிரிக்கும்படியாக இல்லை.

ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து தண்ணீர் ஆவதை அவள் இப்படி எழுதியிருந்தாள். (நோட்டில் ஆங்கில எழுத்தில் இருந்ததை இங்கே வாயால் சொல்கிறபடியே எழுதுகிறேன். ஏன் என்பது பின்னால் தெரியும்.) எச் டூ, கூட்டல் ஓ டூ, அம்புக்குறி, எச் டூ ஓ டூ. ஹைட்ரஜன் இரண்டுக்கு இரண்டு, ஆக்சிஜன் இரண்டுக்கு இரண்டு. பக்கத்திலேயே ஒரு டிக். சோடியமும் குளோரினும் சேர்ந்தால் சோடியம் ஒன்று, குளோரின் இரண்டு உள்ள ஏதோ ஒன்று. அலுமினியம் ஆக்சிஜனோடு சேர்ந்தால் ஏஎல் ஓ டூ. எல்லாமே சமன். உலகத்தில் அப்படிப்பட்ட உப்பு கிடையாது என்பது மட்டும்தான் குறை.

நான் என்ன நினைத்தேன் என்றால், முன்னால் எண் போட்டுச் சமன் செய்யும் முறை பிடிபடவில்லை, சோம்பலில் குறுக்கு வழி பிடிக்கிறாள் என்று. எனவே வழக்கமான மருந்தைக் கொடுத்தேன். நாற்பது சமன்பாடு, வீட்டுப் பாடம். நாற்பதையும் போட்டுக்கொண்டு வந்தாள். மீண்டும் எல்லாம் சமன். தப்பு மட்டும் முன்பைவிட அதிகம், அதுவும் முன்பைவிட வேகமாக. எதைக் கொடுத்தாலும் இரு பக்கமும் எண்ணி, இடிக்கிற இடத்தில் எழுத்தின் காலடியில் இருக்கிற சின்ன எண்ணை மாற்றிவிட்டால் வேலை முடிந்தது. அதைவிடச் சுலபமான வழி உண்டா? பயிற்சி கொடுக்கக் கொடுக்க அந்த வழிதான் அவள் கையில் ஊறியது. இன்னொரு நாற்பதும் கொடுத்தேன் என்பதைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது.

கரண்ட் போன மாலை

மூன்றாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை கரண்ட் போய்விட்டது. ரங்கூனில் இது செய்தி அல்ல. அன்று எமர்ஜென்சி லைட்டிலும் சார்ஜ் இல்லை. வீட்டுக்கு அனுப்பலாம் என்றால் மழை வேறு. சரி, எழுத வேண்டாம், வாயால் சொல் என்றேன்.

சொன்னாள். "எச் டூ ப்ளஸ் ஓ டூ கிவ்ஸ் எச் டூ ஓ டூ."

இருட்டில் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஒரு வரியில் நான்கு 'டூ' இருக்கிறது. எந்த 'டூ' மூலக்கூறின் எண்ணிக்கை, எந்த 'டூ' மூலக்கூறுக்குள் இருக்கும் அணுவின் எண்ணிக்கை என்று காதுக்கு வித்தியாசமே இல்லை. சரியான விடையைச் சொன்னாலும் அப்படித்தான்: "டூ எச் டூ ப்ளஸ் ஓ டூ கிவ்ஸ் டூ எச் டூ ஓ." வகுப்பில் இதையே ராகம் போட்டுச் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்கிறார்கள். அவளைப் பொறுத்தவரை எல்லா 'டூ'வும் ஒரே 'டூ'. எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், எடுக்கலாம்.

"நீ கடைசியா சொன்னது என்னம்மா?"

"தண்ணி, சயாமா. ரெண்டு பக்கமும் சமமா இருக்கே."

கைபேசி வெளிச்சத்தில் மருந்துப் பெட்டியைத் திறந்து, புண்ணைக் கழுவும் ஹைட்ரஜன் பெராக்சைடு பாட்டிலை எடுத்து அவள் முன் வைத்தேன். தம்பி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தபோது அதை ஊற்றியிருக்கிறார்களாம். வெள்ளையாக நுரைக்கும் என்று அவளே சொன்னாள். லேபிளில் இருந்த பெயருக்கு வாய்பாடு எழுதச் சொன்னேன். எழுதினாள். எச் டூ ஓ டூ.

"தாகமா இருந்தா இதைக் குடிப்பியா?"

"அய்யோ, அது வேற சயாமா."

"நீ எழுதினது அதைத்தான்."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு அவள் கேட்ட கேள்விதான் இந்தத் தேடலின் நடு இடம் என்று நினைக்கிறேன்: "அப்ப அந்தச் சின்ன ரெண்டு, பேருல சேர்ந்ததா?"

ஆமாம். பெயரில் சேர்ந்தது. முன்னால் வரும் எண் 'எத்தனை' என்பதற்கு விடை. காலடியில் இருக்கும் எண் 'எது' என்பதற்கு விடை. அவளுக்குச் சமன் செய்யத் தெரியாமல் இல்லை. தான் எழுதியிருப்பது எந்தப் பொருள் என்று வாசிக்கத் தெரியவில்லை. நானோ வாசிப்புக் கோளாறுக்குக் கணக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அவள் மேல் முழுப் பழியையும் போட முடியாது. அந்தச் சின்ன எண் காலடியில் இருக்க வேண்டும் என்பது இயற்கையின் விதி ஒன்றும் இல்லை. 1810-களில் தனிமங்களுக்கு எழுத்துக் குறியீடு கொடுத்த ஸ்வீடன் வேதியியலாளர் பெர்சீலியஸ் அதைத் தலைக்கு மேலேதான் எழுதினார். கீழே இறங்கியது பிற்பாடு. மனிதர்கள் பேசி முடிவு செய்த ஏற்பாட்டைச் சொல்லிக்கொடுக்காமல் பிள்ளையே கண்டுபிடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. நானும் அதுவரை அப்படித்தான் எதிர்பார்த்திருக்கிறேன்.

பெட்டி

அடுத்த வகுப்பிலிருந்து முறையை மாற்றினோம். முதலில் சமன்பாட்டைச் சொல்லால் எழுத வேண்டும்: அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்து அலுமினியம் ஆக்சைடு. குறியீடே கூடாது. (பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே 1789-இல் வெளியிட்ட தம் வேதியியல் நூலில், நொதித்தலைப் பற்றி எழுதிய சமன்பாடும் இப்படித்தான் இருந்தது. திராட்சைச் சாறு சமம் கார்பானிக் அமிலம் (இன்று நாம் சொல்லும் கார்பன் டை ஆக்சைடு) கூட்டல் ஆல்கஹால். ஒரு குறியீடும் இல்லை.) அப்புறம் ஒவ்வொரு பெயருக்கும் இணைதிறன், அதாவது ஓர் அணு எத்தனை பிணைப்பு போடும் என்பதைப் பார்த்து வாய்பாடு. அலுமினியத்துக்கு மூன்று, ஆக்சிஜனுக்கு இரண்டு. எனவே அலுமினியம் இரண்டு, ஆக்சிஜன் மூன்று. எழுதியதும் அதைச் சுற்றிப் பேனாவால் ஒரு பெட்டி. பெட்டி போட்ட பிறகு உள்ளே கை வைக்கக் கூடாது. எண்ணெல்லாம் பெட்டிக்கு வெளியே, முன்னால் மட்டும்.

அலுமினியத்தை அப்படிப் போட்டாள். ஆக்சிஜன் இடப் பக்கம் இரண்டிரண்டாக வருகிறது, வலப் பக்கம் மும்மூன்றாக. இரண்டும் சந்திக்கும் இடம் ஆறு. எனவே ஆக்சிஜன் பெட்டிக்கு முன் மூன்று, ஆக்சைடு பெட்டிக்கு முன் இரண்டு. இப்போது வலப் பக்கம் அலுமினியம் நான்கு ஆகிவிட்டது. இடப் பக்கமும் நான்கு. கணக்கில் கெட்டிக்காரி என்று அப்பா சொன்னது பொய் இல்லை. எந்தக் கணக்கைப் போட வேண்டும் என்று தெரிந்தவுடன் ஒரு நிமிடம் ஆகவில்லை.

பெட்டி விஷயத்தை அவள் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள். அப்பா தெருமுனையில் குன்யா கடை வைத்திருக்கிறார், வெற்றிலை மடித்துக் கொடுக்கிற கடை. அவருடைய தாத்தா முகல் தெருவில் செட்டியார் கிட்டங்கியில் கணக்கு எழுதியவராம். அந்தத் தெருவுக்கு இப்போது ஷ்வே பொந்தா என்று பெயர். அடுத்த முறை என்னைப் பார்த்தபோது அவர் சொன்னார்: "ஐந்தொகை இடிக்குதுன்னா எங்கேயோ தொகைய விட்டிருக்கோம்னு தேடணும் சயாமா. அதுக்காகக் கடன் வாங்குனவன் பேரையா மாத்தி எழுதுவாங்க?" நான் இரண்டு வாரம் எண்பது கணக்குக் கொடுத்துச் சொல்ல முடியாததை அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொல்லிவிட்டார். லவாய்சியேயும் பிழைப்புக்கு வரி வசூல் கம்பெனியில் பங்கு வைத்திருந்தவர்தான். 1794-இல் அந்தப் பங்குக்காகவே தலையும் போனது.

ஆனால் பேரேட்டு உவமையைக் கொஞ்சம் அளவோடுதான் வைத்துக்கொள்ள வேண்டும். பணம் என்றால் எல்லாப் பணமும் ஒன்று. இங்கே ஒவ்வொரு தனிமத்துக்கும் தனிப் பேரேடு. ஆக்சிஜனில் மிஞ்சியதைக் கார்பனில் வரவு வைக்க முடியாது.

பால் டின்னில் ஒரு தொழிற்சாலை

வினை வகைகளைப் புத்தக வரிசைப்படி நடத்தவில்லை. கடையில் இருந்த சுண்ணாம்பு டின்னை எடுத்துக்கொண்டோம். பழைய பால் டின், வாய் ஓரமெல்லாம் வெள்ளையாகக் காறை கட்டியிருக்கும். இரவு கடை சாத்தும்போது அப்பாயி அதில் சுண்ணாம்புக்கு மேலே ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி வைப்பார். ஏன் என்று பேத்தி இதுவரை கேட்டதில்லை. கேட்கச் சொன்னேன். "ஊத்தலேன்னா மேல ஆடை கட்டிக் கல்லாப் போயிரும் தாயி" என்று பதில் வந்தது.

அந்த ஆடைதான் பாடம். சுண்ணாம்புக் கல்லைக் காளவாயில் சுமார் 900 டிகிரி செல்சியஸ் சூட்டில் சுட்டால் கால்சியம் கார்பனேட், கால்சியம் ஆக்சைடாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் பிரிகிறது. சிதைவு வினை. அந்தச் சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து, நீற்றுச் சுண்ணாம்பு ஆகிறது. சேர்க்கை வினை. சின்ன வயதில் மோல்மேனில் சட்டியில் கல்லைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி, அது சீறுவதைத் தள்ளி நின்று பார்த்ததாக அப்பாயி சொன்னார். டின்னில் இருக்கும் இந்த நீற்றுச் சுண்ணாம்பு, காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து தண்ணீரை வெளியே விட்டுவிட்டு மறுபடி கால்சியம் கார்பனேட் ஆகிறது. ஆடை என்பது அதுதான், முதலில் காளவாயில் போட்ட அதே கல். மேலே நிற்கும் தண்ணீர் காற்றை அண்டவிடாமல் பார்த்துக்கொள்கிறது.

மூன்று சமன்பாட்டையும் எழுதிப் பெட்டி போட்டுவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். "எண்ணே போட வேண்டாமா சயாமா?" வேண்டாம். மூன்றும் ஒன்றுக்கு ஒன்று. அவளுக்கு அது நிம்மதியாக இல்லை, எதையோ மறந்துவிட்ட மாதிரி இருந்தது. எனவே எடை போட்டுக் காட்டினேன். பர்மியச் சந்தையில் இன்னும் வீசைதான் பேச்சு. ஒரு வீசை சுமார் 1.63 கிலோ. கால்சியம் கார்பனேட்டின் மூலக்கூறு எடை 100, கால்சியம் ஆக்சைடு 56, கார்பன் டை ஆக்சைடு 44. எனவே நூறு வீசைக் கல் சுட்டால் ஐம்பத்தாறு வீசைதான் கையில் நிற்கும். நாற்பத்து நான்கு வீசை காற்றோடு போகும். ஐம்பத்தாறு வீசையை நீற்றப் பதினெட்டு வீசைத் தண்ணீர், கிடைப்பது எழுபத்து நான்கு. அது காற்றிலிருந்து நாற்பத்து நான்கை வாங்கிக்கொண்டு, பதினெட்டு வீசைத் தண்ணீரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுபடி நூறு வீசைக் கல். இதை அவள் பற்று வரவு போல இரண்டு பத்தியாக எழுதி, கடைசியில் கோடு கிழித்து 'நேர்' என்று போட்டாள். அந்தப் பக்கம் மட்டும் அவள் நோட்டிலேயே அழகான பக்கம்.

டின்னிலிருந்து ஒரு சுண்டைக்காய் அளவு எடுத்து ஒரு போத்தல் தண்ணீரில் கலக்கி, ராத்திரி முழுக்க வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் இறுத்தோம். உறிஞ்சு குழலால் ஊதினாள். (ஊதத்தான் வேண்டும், உறிஞ்சக் கூடாது. கண்ணுக்குக் கண்ணாடியும் போட்டுக்கொள்ள வேண்டும், சுண்ணாம்பு கண்ணில் பட்டால் விளையாட்டு இல்லை.) பத்துப் பன்னிரண்டு ஊதலில் தண்ணீர் பால் மாதிரி ஆகிவிட்டது. தொடர்ந்து ஊதினால் கால்சியம் கார்பனேட் கால்சியம் பைகார்பனேட்டாகக் கரைந்து மறுபடி தெளிய வேண்டும். பாதிக்குப் பாதி தண்ணீர் விளாவி, அவளும் தம்பியும் மாறி மாறி ஊதியும் வெளிறியதே தவிர முழுக்கத் தெளியவில்லை. மூச்சுக் காற்றில் கார்பன் டை ஆக்சைடு நூற்றுக்கு நான்கு பங்குதான். கல்லைக் கரைத்து எடுக்க மழைக்கே யுகம் யுகமாக ஆகிறது. பா-அன் பக்கம் சுண்ணாம்புக் குன்றுக் குகைகளில் தொங்கும் விழுதுகள், கரைந்தது மறுபடி கல்லாக இறங்கியதால் வந்தவை. மோல்மேன் உறவுக்காரர் வீட்டுக்குப் போனபோது அந்தக் குகையைப் பார்த்திருக்கிறாளாம். டின் ஆடையும் குகை விழுதும் ஒரே பொருள் என்றதும் அம்மாவிடம் சொல்ல எழுந்து ஓடினாள்.

இரட்டை இடப்பெயர்ச்சியில், அதாவது இரண்டு சேர்மங்கள் தங்கள் பாதிகளை மாற்றிக்கொள்ளும் வினையில், மறுபடி தடுக்கியது. கலங்கலான ஆற்றுத் தண்ணீரைத் தெளிய வைக்கப் படிகாரம் போடுவோம் அல்லவா, அந்தக் கணக்கு. படிகாரத்தில் பொட்டாசியமும் உண்டு. அதை விட்டுவிட்டு அலுமினியம் சல்பேட்டை மட்டும் எடுத்தோம். அலுமினியம் சல்பேட்டும் நீற்றுச் சுண்ணாம்பும் சேர்ந்தால் அலுமினியம் ஹைட்ராக்சைடும் கால்சியம் சல்பேட்டும். பெட்டியெல்லாம் சரி. ஆனால் ஆக்சிஜனை உதிரியாக எண்ணினாள். இடப் பக்கம் பன்னிரண்டும் இரண்டும் பதினான்கு. வலப் பக்கம் இரண்டு பெட்டிக்கும் முன்னால் இரண்டு போட்டாள், ஆறும் எட்டும் பதினான்கு. ஆக்சிஜன் கனகச்சிதமாகப் பொருந்திவிட்டது. கந்தகம் மூன்றுக்கு இரண்டு. அதைச் சரிசெய்தால் ஆக்சிஜன் இடித்தது. அரை மணி நேரம் செக்கைச் சுற்றினாள்.

சல்பேட் உடையாமல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகிறது என்றால் அதை ஏன் பிரித்து எண்ண வேண்டும்? கவுளி கவுளியாக வாங்கும் வெற்றிலையை யாராவது நரம்பு நரம்பாக எண்ணுவார்களா? கட்டோடு எண்ணச் சொன்னேன். சல்பேட் மூன்று, எனவே கால்சியம் சல்பேட்டுக்கு மூன்று. கால்சியம் மூன்று ஆனதால் சுண்ணாம்புக்கு மூன்று. ஹைட்ராக்சைடு ஆறு, அலுமினியம் ஹைட்ராக்சைடுக்கு இரண்டு. அலுமினியமும் இரண்டு. முடிந்தது. தண்ணீரில் திரண்டு அழுக்கைப் பிடித்துக்கொண்டு அடியில் இறங்குவது அந்த அலுமினியம் ஹைட்ராக்சைடுதான்.

எரிதலில் பெரிய சிக்கல் இல்லை. பியூட்டேன் எரியும்போது ஆக்சிஜனுக்கு ஆறரை வந்தது. அரை மூலக்கூறு எப்படி என்று அவளே கேட்டு, அவளே எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கிவிட்டாள்: பியூட்டேன் இரண்டு, ஆக்சிஜன் பதின்மூன்று, கார்பன் டை ஆக்சைடு எட்டு, தண்ணீர் பத்து.

பெட்டிக்கும் பிடிபடாதது

இத்தோடு நிறுத்தியிருந்தால் என் முறையைப் பற்றி எனக்கே பெருமையாக இருந்திருக்கும். ஆனால் நான் வைத்த மாதிரித் தேர்வில், செம்புத் துண்டை நீர்த்த கந்தக அமிலத்தில் போட்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு, செம்பு சல்பேட்டும் ஹைட்ரஜனும் வரும் என்று எழுதியிருந்தாள். நான்கு பெட்டியும் சரியான பொருள், எண்ணும் சரி. ஆனால் செம்பு நீர்த்த கந்தக அமிலத்திலிருந்து ஹைட்ரஜனை விரட்டாது. அது நடக்காத வினை.

இது அவள் தவறு என்பதைவிட, நான் சொல்லிக்கொடுத்த முறையின் ஓட்டை. எது, எத்தனை என்று இரண்டு கேள்வி கேட்க வைத்தேன். நடக்குமா என்ற மூன்றாவது கேள்வியைச் சேர்க்கவில்லை. இரண்டு கண்ணாடித் தம்ளர் வைத்தோம். ஒன்றில் மயில்துத்தக் (செம்பு சல்பேட்) கரைசலில் பளபளவென்று தேய்த்த இரும்பு ஆணி. இன்னொன்றில் அன்னபேதிக் (இரும்பு சல்பேட்) கரைசலில் செம்புக் கம்பி. முதலாவதில் சில நிமிடத்தில் ஆணி மேல் செந்நிறம் படிந்தது. மறுநாள் நீலமே வெளுத்திருந்தது. சீனாவில் சாங் அரச காலத்திலேயே இப்படி இரும்பைப் போட்டுச் செம்பு எடுத்திருக்கிறார்கள். இரண்டாவது தம்ளரில் மூன்று நாள் ஆகியும் கம்பி கம்பியாகவே கிடந்தது. கரைசல் மட்டும் காற்றுப் பட்டுக் கொஞ்சம் பழுப்பாகியது. காகிதத்தில் இரண்டு சமன்பாடும் சமன், ஒன்றைத் திருப்பிப் போட்டால் மற்றொன்று. வினைத் திறன் வரிசையில் செம்புக்கு மேலே இரும்பு, நடுவில் ஹைட்ரஜன் என்பதை அதன்பிறகு அவள் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

இப்போதைக்கு நிலவரம் இது. காலடி எண்ணில் கை வைப்பது ஏறக்குறைய நின்றுவிட்டது. அவசரத்தில் எப்போதாவது வருகிறது, அதுவும் நைட்ரஜன் ஆக்சைடுகளில். அங்கே ஒன்றுக்கு ஒன்று, ஒன்றுக்கு இரண்டு, இரண்டுக்கு ஒன்று என்று எப்படி மாற்றி எழுதினாலும் நிஜமாகவே ஒரு பொருள் இருந்து தொலைக்கிறது. நேற்று இரும்பும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் போட்டபோது பெட்டிக்குள் குளோரின் இரண்டு என்று எழுதினாள், சரி. அடுத்ததாக இரும்பும் குளோரின் வாயுவும். அங்கே புத்தகத்தில் குளோரின் மூன்று. பேனாவை வைத்துவிட்டாள்.

"இரும்பு ஒண்ணுதானே சயாமா. அது எப்ப ரெண்டு, எப்ப மூணு?"

வரும் செவ்வாய்க்கிழமை அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.